மாயா மக்கள் பேசும்போது



மரியாதையாகப் பேசுவது பற்றி உலகெங்கும் மொழியியல் வகுப்புகளில் பாடமாக இருக்கும் ஒரு நூலில் நம் கொங்கு நாட்டுக் கிராமத்துத் தமிழ் நிறைந்திருக்கிறது. அதே நூலில், அந்தத் தமிழுக்குப் பக்கத்திலேயே, மெக்சிகோவின் மலையூர் ஒன்றில் பேசப்படும் ஒரு மாயா மொழியும் இருக்கிறது. இந்த உறவு நம்மில் பலருக்குத் தெரியாது. மாயா மக்களின் மொழிகளையும் அவர்களுடைய புலம்பெயர்வையும் பற்றிய கட்டுரைகளைச் சேர்த்து இந்த மாத இதழை அமைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வு மாணவர்கள் ஆளுக்கொரு திசையில் கிளம்பினார்கள். ஸ்டீபன் லெவின்சன் கோவை மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்கு வந்தார். யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், எந்தச் சாதிக்காரர் எந்தச் சாதிக்காரரிடம் எந்த வினைமுற்றில் பேசுகிறார், ஓர் உதவி கேட்பதற்கு முன் எவ்வளவு தூரம் சுற்றி வருகிறார் என்றெல்லாம் குறித்துக்கொண்டார். பெனலப்பி பிரவுன் மெக்சிகோவின் தென்கோடியில் சியாப்பாஸ் மாநிலத்துக்குப் போனார். அங்கே தெனெஹாபா என்னும் மலையூரில், செல்தால் மொழி பேசும் மாயாப் பெண்களோடு உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் கவனித்தார். இருவரும் தங்கள் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு மொழிகளில், இல்லை என்று சொல்லவும் கேட்டுப் பெறவும் குறை சொல்லவும் மக்கள் கையாளும் வழிகள் வியக்கும்படி ஒத்துப்போயின. 1978இல் நீண்ட கட்டுரையாகவும் 1987இல் தனி நூலாகவும் அந்த ஒப்பீடு வெளிவந்தது. தமிழ், செல்தால், ஆங்கிலம் என்ற மூன்று மொழிகள்தாம் அதன் முதன்மையான சான்றுகள். பிற்பாடு ஜப்பானிய, சீன அறிஞர்கள் அந்த நூல் முன்வைத்த மரியாதைக் கோட்பாட்டோடு கடுமையாக மோதினார்கள். தனி மனிதரின் விருப்பத்தையே அது மையமாக வைக்கிறது, சமூகத்தில் அவர் நிற்கும் இடத்தைப் போதிய அளவு பார்க்கவில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கும் அந்த வாதத்தில் பெரும்பகுதி சரியென்றே படுகிறது. ஆனாலும் ஒரு கொங்குக் குடியானவரும் ஒரு செல்தால் தாயும் ஒரே நூலில் சமமான சான்றாக நின்றது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

மாயா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? காட்டுக்குள் எழும் படிக்கட்டுக் கோபுரங்கள், கல்வெட்டுகள், நாள்காட்டி. 2012 டிசம்பர் 21இல் உலகம் அழியப்போகிறது என்று அந்த நாள்காட்டியைச் சாக்காக வைத்து உலகம் முழுதும் பரப்பினார்களே, நம் தொலைக்காட்சிகளும் வாரக்கணக்கில் அதை ஒளிபரப்பின. அந்த நாள்காட்டியை உண்டாக்கியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் சோளம் விதைத்துக்கொண்டு, கைபேசியில் பேசிக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு வாழ்கிறார்கள் என்பதை அந்தச் சந்தடியில் யாரும் சொல்லவில்லை. ஏறத்தாழ முப்பது மாயா மொழிகள் இன்று உயிரோடு இருக்கின்றன. பேசுபவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல். குவாத்தமாலாவின் 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 41.7 விழுக்காட்டினர் தங்களை மாயா என்று பதிவு செய்தார்கள். கிச்சே, கெக்சி ஆகிய இரண்டு மொழிகளில் ஒவ்வொன்றுக்கும் பத்து லட்சத்துக்கு மேல் பேச்சாளர்கள். மாம், கக்சிகேல் மொழிகளைப் பேசுவோரும் லட்சக்கணக்கில் உண்டு. மெக்சிகோவில் யுகாத்தெக், செல்தால், சோட்சில் மொழிகள் பெரியவை. இன்னொரு பக்கம், இட்சா போன்ற மொழிகளைச் சரளமாகப் பேசத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள்.

தெனெஹாபாவுக்கே திரும்புகிறேன், ஏனென்றால் அந்த ஊரைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஆசை அடங்கவில்லை. அந்த ஊர் நிலம் தெற்கே உயர்ந்து வடக்கே சரிகிறது. செல்தால் பேசுபவர்கள் இடம் வலம் என்று சொல்வதில்லை. மேட்டுப்பக்கம், பள்ளத்துப்பக்கம் என்றே சொல்கிறார்கள். மலையில் நடக்கும்போது மட்டும் என்று நினைக்காதீர்கள். சமதளமான மேசைமேல் இரண்டு பொருள்களை வைத்தாலும் ஒன்று மேட்டுப்பக்கம் இருக்கும், மற்றது பள்ளத்துப்பக்கம் இருக்கும். லெவின்சன் பிற்பாடு பிரவுனோடு அங்கே போய் இதை ஆராய்ந்தார். இருட்டு வீட்டில் ஒருவரின் கண்ணைக் கட்டி, பல சுற்று சுற்றிவிட்டு, பள்ளத்துப்பக்கம் எது என்று கேட்டபோது, தலை சுற்றிக்கொண்டே சரியான திசையைக் காட்டினார் அவர். ஊரை விட்டு வந்து நகரத்து விடுதியில் தங்க நேர்ந்த ஒரு தெனெஹாபாப் பெண், கை கழுவும் தொட்டியின் முன் நின்று, வெந்நீர் வருவது மேட்டுப்பக்கக் குழாயிலா என்று கணவனைக் கேட்டதையும் லெவின்சன் எழுதியிருக்கிறார். பழக்கமில்லாத ஊர், நான்கு சுவருக்குள் ஓர் அறை, ஆனாலும் ஊர் மலையின் சரிவு அவரோடு வந்திருக்கிறது.

குழந்தைகளும் அங்கே மொழியை வேறு வாசல் வழியாக நுழைந்து கற்கிறார்கள். செல்தாலில் சாப்பிடுவதற்கு ஒரே வினை போதாது. சோள அடை தின்பதற்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று, வாழைப்பழம் போல மெத்தென்று இருப்பதற்கு ஒன்று, கடித்து நொறுக்குவதற்கு ஒன்று, கரும்பு மெல்வதற்கு ஒன்று. இந்த வினைகள் பிள்ளைகள் மழலையிலேயே பேசும் சொற்களுக்குள் வந்துவிடுகின்றன என்று பிரவுன் ஆண்டுக்கணக்கில் வீடுகளில் உட்கார்ந்து பதிவு செய்து காட்டினார். எல்லாக் குழந்தைகளும் முதலில் பொருள்களின் பெயர்களைத்தான் கற்கும் என்று சொல்லி வந்தவர்கள் யோசிக்க வேண்டியதாயிற்று.

தமிழில் இருப்பது போன்ற மரியாதைப் பன்மை செல்தாலில் இல்லை. குரலே அந்த வேலையைச் செய்கிறது. ஒருவருக்கொருவர் முறையாக வணக்கம் சொல்லும்போதும் மரியாதை காட்டும்போதும் பெண்கள் குரலை மெலிதாக உச்சிக்குக் கொண்டுபோகிறார்கள். கேட்பதைச் சிறிதாக்கும் இடைச்சொற்களை வாக்கியம் முழுதும் தூவுகிறார்கள். எதிரே இருப்பவர் சொன்னதில் ஒரு துண்டை அப்படியே திருப்பிச் சொல்வது, கேட்டுக்கொண்டேன், புரிந்தது, மேலே சொல்லுங்கள் என்பதற்கு அடையாளம். பிரவுன் இன்னொன்றையும் கண்டார். அன்றாடத்தில் இவ்வளவு பதமாகப் பேசும் இரண்டு பெண்கள் ஊர் நீதிமன்றத்தில் எதிரெதிர்த் தரப்பாக நின்றபோது, அதே மரியாதைப் பேச்சின் அசைவுகளை ஏளனமாகத் திருப்பி ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். பெண்களின் பணிவு இயல்பானது, பிறப்போடு வந்தது என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கட்டுரையைப் படிக்கக் கொடுக்க வேண்டும்.

இதனாலெல்லாம் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வி எப்போதும் வரும். வந்தது. தெனெஹாபாவுக்கு அருகில் சினகாந்தான் என்ற ஊர். சோட்சில் மொழி பேசும் ஊர். 1957இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எவன் வோட் அங்கே தொடங்கிய ஆய்வுத் திட்டத்தில் பல தலைமுறை மாணவர்கள் பயின்றார்கள். அவர்களில் ஒருவரான ராபர்ட் லாஃப்லின், சினகாந்தான்காரர்கள் இருவரைத் துணையாகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் உழைத்து, ஏறத்தாழ 30,000 பதிவுகள் கொண்ட சோட்சில் அகராதியை 1975இல் வெளியிட்டார். அந்த இருவரும் அகராதி வேலைக்காகவே அமெரிக்காவுக்குப் பயணம் போனார்கள், தாங்கள் கண்டதைத் தங்கள் மொழியில் எழுதியும் வைத்தார்கள். ஒரு மாயா உழவர் அமெரிக்கர்களைப் பார்த்து எழுதிய பயணக் குறிப்பு என்பது அதுவரை யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று. 1977இல் வில்லியம் பிராக்ஸ்மையர் என்ற அமெரிக்க செனட்டர், மக்கள் வரிப்பணத்தை வீணடித்ததாகச் சொல்லி மாதந்தோறும் தான் அறிவித்து வந்த பரிகாசப் பரிசை இந்த அகராதிக்குக் கொடுத்தார். யாருக்கும் தெரியாத ஒரு மொழிக்கு ஏறத்தாழ 89,000 டாலரா என்பது அவர் கேள்வி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சோட்சில் மக்களுக்கு அது தெரிந்த மொழி என்பது அவருக்குப் படவில்லை. 1980களின் தொடக்கத்தில் சோட்சில், செல்தால் எழுத்தாளர்கள் லாஃப்லினின் துணையோடு சான் கிறிஸ்தோபால் நகரில் ஸ்னா ட்சிபாஹோம் என்ற எழுத்தாளர் கூட்டுறவை அமைத்து, தங்கள் மொழியில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பொம்மலாட்டமும் நாடகமும் போட்டார்கள். பரிகாசத்துக்கு அதைவிட நல்ல மறுமொழியை நான் அறியேன்.

அந்த நாட்களில் எல்லைக்கு அப்பால் குவாத்தமாலா எரிந்துகொண்டிருந்தது. 1960இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1996 டிசம்பரில்தான் அமைதி உடன்படிக்கையோடு முடிந்தது. ஐக்கிய நாடுகள் ஆதரவோடு அமைந்த உண்மையறியும் ஆணையம் 1999இல் தந்த அறிக்கையின்படி கொல்லப்பட்டோரும் காணாமற் போனோரும் இரண்டு லட்சத்துக்கு மேல். அடையாளம் காணப்பட்டவர்களில் 83 விழுக்காடு மாயா மக்கள். ராணுவம் நடத்திய படுகொலைகளை அந்த ஆணையம் ஊர் ஊராக, நூற்றுக்கணக்கில் எண்ணிச் சொன்னது. எண்பதுகளின் தொடக்க ஆண்டுகள் மிகக் கொடியவை. கன்ஹொபால், மாம், இஷில், கிச்சே பேசும் மலையூர்களிலிருந்து மக்கள் முதலில் மெக்சிகோவுக்கும், அங்கிருந்து வடக்கேயும் ஓடினார்கள். பிறகு போர் நின்றது, வறுமை நிற்கவில்லை. காப்பி விலை விழுந்தது, நிலம் போதவில்லை, மழை பொய்த்தது. அடுத்த தலைமுறையும் அதே வழியில் நடந்தது. 2023இல் வெளிநாட்டிலிருந்து குவாத்தமாலாவுக்கு வந்து சேர்ந்த பணம் 1,900 கோடி டாலருக்கு மேல்; அந்த நாட்டுப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

ஆய்வாளர்களும் அவர்கள் பின்னே போனார்கள். ஆலன் பர்ன்ஸ் முதலில் யுகாத்தான் தீபகற்பத்தில் வாய்மொழிக் கதைகளைச் சேகரித்தவர். அங்கே ஒருவரிடம் போய் எனக்கு ஒரு கதை சொல் என்று கேட்க முடியாது. என்னோடு ஒரு கதை பேசு என்றுதான் கேட்க வேண்டும். கதைக்கு இரண்டு ஆள் வேண்டும். கேட்பவர் இடையிடையே ஆமாம், அப்படியா என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நம் பாட்டிமார் கதை சொல்லும்போது நாம் உம் கொட்டியது போல. உம் நின்றால் கதையும் நின்றுவிடும். இந்தப் பர்ன்ஸ்தான் எண்பதுகளில் ஃபுளோரிடாவின் இந்தியன்டவுன் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்த கன்ஹொபால் அகதிகளோடு பழகி, 1993இல் அவர்களைப் பற்றிய நூலை எழுதினார். ஆரஞ்சுத் தோட்டங்களில் கூலி வேலை, நெரிசலான வாடகை வீடுகள், செப்டம்பர் மாதம் மிகேல் தேவதையின் திருவிழாவுக்கு மரிம்பா இசை. பள்ளியிலும் மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் அவர்களை எல்லாரும் ஸ்பானியர் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஸ்பானிய மொழியில் பேசினார்கள். ஸ்பானியம் அந்த மக்களில் பலருக்கு அரைகுறையாக வந்த இரண்டாம் மொழி. சிலருக்கு அதுவும் வராது.

இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1986இல் நடந்த ஒரு வழக்கை மொழி ஆய்வாளர்கள் இன்னமும் பேசுகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் மாயா அல்லர். தெற்கு மெக்சிகோவின் மிஷ்தெக் இனத்தவர். பழத்தோட்டக் கூலி வேலைக்கு வந்த பதினெட்டு வயது இளைஞர். கொலை வழக்கு. நீதிமன்றம் அவருக்கு ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை அமர்த்தியது. அவருடைய தாய்மொழி மிஷ்தெக். தண்டனையும் விதித்தாயிற்று. தீர்ப்புச் சொன்ன நடுவர் குழுவிலிருந்தே சிலருக்குப் பிற்பாடு மனம் உறுத்தியது. அவர்கள் குரல் கொடுத்தார்கள். 1991இல் அவர் விடுதலையானார். சினகாந்தானில் சோட்சில் மொழியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஜான் ஹாவிலண்ட் அப்போது ஓரிகனில் பேராசிரியர். அந்த வழக்கில் ஈடுபட்ட அவர், அமெரிக்க நீதிமன்றம் மொழியைப் பற்றி என்னென்ன நம்பிக்கைகளோடு இயங்குகிறது என்று 2003இல் விரிவாக எழுதினார். எந்த மொழியில் எதைச் சொன்னாலும் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் மாற்றிவிடலாம் என்பது ஒரு நம்பிக்கை. பதிவேட்டில் ஏறும் ஆங்கிலம் மட்டுமே சாட்சியம் என்பது இன்னொன்று. சாட்சி தயங்கியது, கேள்வி புரியாமல் ஒப்புக்கு ஆமாம் போட்டது எதுவும் அந்த ஏட்டில் இருக்காது.

கன்ஹொபாலோ மாமோ பேசும் ஒருவர் அடைக்கலம் கேட்டுக் குடியேற்ற நீதிமன்றத்தில் நிற்பதை எண்ணிப் பாருங்கள். அவர் சொல்வதை ஒருவர் ஸ்பானியத்தில் சொல்ல, அதைக் கேட்டு இன்னொருவர் ஆங்கிலத்தில் சொல்வார். நீதிபதியின் கேள்வி அதே இரண்டு படி இறங்கி வரும். முதல் மொழிபெயர்ப்பாளர் பல நேரம் நேரில் இருப்பதில்லை, எங்கோ தொலைபேசியின் மறுமுனையில் இருப்பார். மாம் மொழிக்குள்ளேயே ஊருக்கு ஊர் பேச்சு வெகுவாக மாறும். தோதோஸ் சாந்தோஸ் என்ற ஊர்க்காரர் பேசுவது தூரத்து ஊர் மாம்காரருக்கு முழுதும் விளங்காது. சொன்னதையே மறுபடி மறுபடி சொல்ல வைத்து, முன்னுக்குப் பின் முரண்பட்டால் சந்தேகிக்கும் இடம் அது. தான் சொன்னதில் ஒரு துண்டை எதிராளி திருப்பிச் சொல்வார் என்று எதிர்பார்த்தே பேசிப் பழகியவருக்கு, முகத்தைப் பார்க்காமல் தட்டச்சு செய்துகொண்டே அடுத்த கேள்விக்குத் தாவும் அதிகாரி எப்படித் தெரிவார்? அவர் மரியாதைக்காகக் கேள்வியைத் திருப்பிச் சொன்னால் அது ஒப்புதல் என்று ஏறிவிடாதா? என்னால் இதை நிதானமாக நினைக்க முடிவதில்லை.

2018 டிசம்பரில் தந்தையோடு அமெரிக்க எல்லை தாண்டிய ஏழு வயது கெக்சிச் சிறுமி ஒருத்தி, எல்லைக் காவல் படையின் பிடியில் இருந்தபோது நோயுற்று இறந்தாள். மகளுக்கு உடல்நலம் சரியாக இருக்கிறது என்று தந்தை கையெழுத்திட்ட படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அதிகாரிகள் அதை வாய்மொழியாக ஸ்பானியத்தில் சொன்னார்கள். தந்தையின் தாய்மொழி கெக்சி. புரியாத மொழியில் இருக்கும் தாளில் கையெழுத்து வாங்குவது முறையல்ல என்று குடும்பத்தின் வழக்கறிஞர்கள் கண்டித்தார்கள். அதே மாதம் சுஹ் என்ற மாயா மொழி பேசும் குடும்பத்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தான். அரசு உதவி பெறும் அலுவலகங்கள் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு மொழி உதவி தரவேண்டும் என்று 2000இல் பிறப்பித்த அதிபர் ஆணை, 2025 மார்ச்சில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்தபோது ரத்தானது. மாயா மக்களுக்குக் கதவு இன்னும் கொஞ்சம் சாத்தப்பட்டதாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

சொந்த நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது என்றும் கேட்க வேண்டும். 2013இல் குவாத்தமாலாவின் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் ரியோஸ் மோந்த் மீது இனப்படுகொலை வழக்கு தலைநகரில் நடந்தது. இஷில் மக்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சாட்சி சொன்னார்கள். வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் சால்வையால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு பேசினார்கள். தங்கள் நாட்டு நீதிமன்றத்தில், தங்கள் நாட்டு நீதிபதிக்குப் புரிய, அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. மே 10ஆம் நாள் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. பத்தே நாளில் அரசியல் சாசன நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆனால் இஷில் மொழியில் சொன்ன சாட்சியம் தலைநகரின் நீதிமன்றத்தில் ஒலித்துவிட்டது. அதை யாரும் செல்லாது என்று சொல்ல முடியாது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. ஆராயப்பட்டவர்கள் ஆராய்பவர்களாக மாறிய கதை அது. குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகரில் எழுபதுகளில் ஒரு மொழித் திட்டம் மாயா இளைஞர்களுக்கு மொழியியல் பயிற்சி கொடுத்தது. அங்கே கற்பித்தவர்களில் ஒருவர் நோரா இங்லாண்ட், மாம் மொழிக்கு இலக்கணம் எழுதியவர். எண்பதுகளின் இறுதியில் மாயா அறிஞர்கள் அயல்நாட்டு ஆய்வாளர்களிடம் நேருக்கு நேர் கேட்டார்கள்: எங்கள் மொழியை ஆராய்ந்து பட்டம் பெறுகிறீர்கள், எங்களுக்கு என்ன விட்டுப் போகிறீர்கள்? எந்த எழுத்து வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? குவாத்தமாலாவில் மொழியியல் செய்பவர் அரசியலுக்கு வெளியே நிற்கவே முடியாது என்று கக்சிகேல் அறிஞர் தெமெத்ரியோ கோஹ்தி எழுதினார். சில ஆய்வாளர்கள் புண்பட்டார்கள். நோரா இங்லாண்ட் அந்தக் கேள்வியை ஏற்றுக்கொண்டார். 1990இல் மாயா மொழியியலாளர்களே நடத்தும் ஓக்மா என்ற ஆய்வுக் குழு அவர் துணையோடு தொடங்கியது. தங்கள் மொழிகளுக்குத் தாங்களே இலக்கணம் எழுதினார்கள். முன்பிருந்த பல எழுத்து முறைகளை ஒதுக்கி, குவாத்தமாலாவின் மாயா மொழிகள் அனைத்துக்கும் பொதுவான எழுத்துமுறையை 1987இல் அரசு ஏற்றிருந்தது. 1990இல் மாயா மொழிக் கழகம் சட்டப்படி அமைந்தது. 2003இல் தேசிய மொழிகள் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருப்பதும் மருத்துவமனையில் இருப்பதும் வேறு வேறு என்பது உண்மைதான். இருந்தாலும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தங்கள் பேச்சை வெறும் பேச்சுவழக்கு என்று பிறர் தள்ளிவைத்ததைக் கேட்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று அதே மொழியில் பள்ளிப் பாடநூல் எழுதுகிறார்கள்.

புலம்பெயர்ந்த ஊர்களிலும் இது நடக்கிறது. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் மாம் பேசும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அங்குள்ள லேனி கல்லூரியில் மாம் மொழி வகுப்பு நடந்தது. ஆசிரியர்களும் மருத்துவப் பணியாளர்களும் வந்து படித்தார்கள். விரிகுடாவுக்கு மறுகரையில் சான்பிரான்சிஸ்கோவில், யுகாத்தானின் ஓஷ்குட்ஸ்காப் ஊரிலிருந்து வந்தவர்கள் உணவகங்களில் வேலை பார்த்துக்கொண்டே தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஓஷ்குட்ஸ்காப் என்ற பெயர் மொழி மானிடவியல் படித்தவர்களுக்குப் பழக்கமானது. வில்லியம் ஹாங்க்ஸ் அங்கே ஒரு மந்திரச் சடங்குக்காரரிடம் மாணவராக அமர்ந்து, இங்கே, அங்கே, இது, அது என்ற சின்னஞ்சிறு சொற்கள் வீட்டையும் வயலையும் உடலையும் எப்படிப் பங்குபோடுகின்றன என்று 1990இல் பெரிய நூல் எழுதினார். அந்த ஊர்ப் பிள்ளைகள் இன்று சான்பிரான்சிஸ்கோ பள்ளிகளில் படிக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் பயிற்சி பெற்ற மாயா இளைஞர்களும் பெண்களும் நீதிமன்றங்களுக்கும் பிரசவ அறைகளுக்கும் போகிறார்கள். பிரவுனும் ஹாவிலண்டும் ஒரு காலத்தில் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து குறித்துக்கொண்டவை, இப்போது ஒரு பெண்ணின் சாட்சியம் பொய்யா மெய்யா என்று முடிவு செய்யும் இடத்தில் உயிர் காக்கும் அறிவாகிவிட்டன. மொழியைப் பொறுமையாகக் கேட்பதற்குச் செலவிடும் பணமும் காலமும் வீண் என்று சொல்பவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. நம்மவர்களில் லட்சக்கணக்கானோர் ஈழத்திலிருந்து இதே மாதிரி அறைகளில் நின்றவர்கள். டொரொன்டோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் அடைக்கலம் கேட்டு, ஒரு மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தங்கள் வாழ்க்கையைச் சொல்லி நிரூபிக்க வேண்டியிருந்தவர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தபோதே மருத்துவரிடம் அம்மாவின் நோவை மொழிபெயர்த்துச் சொன்னவர்கள் இந்த இதழின் வாசகர்களில் நிறையப் பேர். மொன்றியல் தமிழர்களின் மொழி வாழ்க்கை பற்றி சோனியா தாஸ் 2016இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். இந்தியத் தமிழரும் ஈழத்தமிழரும் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் தமிழை எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று அது பேசுகிறது. ஆனால் அந்த விசாரணை அறைகளைப் பற்றி, அங்கே சாட்சி சொன்னவர்களும் மொழிபெயர்த்தவர்களும் தங்கள் வாயால் தமிழில் சொன்னதை நான் அதிகம் படித்ததில்லை.

எங்களுக்கு எழுதுங்கள். நீதிமன்றத்திலோ குடியேற்ற அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ மொழிபெயர்த்தவராக இருந்தால், எந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கவே முடியாமல் திணறினீர்கள், எந்தப் பதிலை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை என்று எழுதுங்கள். சாட்சி சொன்னவராக இருந்தால், உங்கள் பேச்சு சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று எழுதுங்கள். பெயர், ஊர், வழக்கு எண் எதுவும் வேண்டாம். யார் என்று கண்டுபிடிக்கக்கூடிய விவரம் இருந்தால் நாங்களே நீக்கிவிட்டு, உங்களிடம் காட்டிய பிறகே அச்சுக்கு அனுப்புவோம். எழுதுவது சிரமமாக இருப்பவர்கள் கைபேசியில் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம். கேட்டு எழுதிக்கொள்ள இங்கே ஆள் இருக்கிறோம். யாழ்ப்பாணத்துப் பேச்சோ மட்டக்களப்புப் பேச்சோ மலையகத்துப் பேச்சோ, எப்படிப் பேசுகிறீர்களோ அப்படியே எழுதுவோம், திருத்த மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்